சும்மா ஒரு செயல்பாடு

ஜூலை 7, திங்கள்

சமூக அறிவியலுக்கு இந்த வருடம் ரெஜினா டீச்சர் வந்திருக்கிறார். தற்காலிக ஆசிரியராம். தற்காலிகமாக வந்தவர் தற்காலிகமாக வேலை கொடுத்தால் போதாதா? தினமும் காலையில் ஒருவர் செய்தித்தாள் படித்துவிட்டு வந்து, ஒரு செய்தியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுத வேண்டும். அதற்குப் பெயர் ‘இன்றைய நிகழ்வு’. அதோடு எல்லோரும் நாட்குறிப்பும் எழுத வேண்டும். தேதி போட்டிருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பாராம், உள்ளே படிக்க மாட்டாராம். படிக்காத ஒன்றை எதற்கு எழுதச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். “நீ படிக்கத்தான்” என்றார். இது ஒரு பதிலா?

முதல் பக்கத்தில் நம்மைப் பற்றி எழுதச் சொன்னார். பெயர் மிதுனா. எட்டாம் வகுப்பு. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. அப்பா விவசாயம். எங்கள் தோட்டத்தில் இப்போது சின்ன வெங்காயம். படிப்பில் எப்போதும் நான்தான் முதல்.

ஒரே ஒரு நல்ல செய்தி. மாணவர் தலைவரை வருடா வருடம் ஹெச்.எம். சென்னியப்பன் சார்தான் சொல்வார். இந்த முறை தேர்தல் வைக்கலாம் என்று ரெஜினா டீச்சர் கேட்க, அவரும் சரி என்று காலைக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். ஜெயிப்பவர்தான் தலைவர். நான் நிற்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

மூன்று பேர் நிற்கிறோம். எனக்குக் குடைச் சின்னம். கோகுல்நாத்துக்கு வாளி; அவன் விளையாட்டுக்கு நிற்கிறான். பவதாரணிக்கு மணி.

ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் போய் ஓட்டுக் கேட்டோம். புதுக் கேரம் பலகை வாங்கித் தருவதாகச் சொன்னேன். அப்பா வாங்கிவந்த பேனாக்களை ஆளுக்கொன்று கொடுத்தேன். பவதாரணி எங்கிருந்தோ நெல்லிக்காய் பறித்துவந்து பங்கு போடுகிறாள். ஓட்டுக்கு லஞ்சம் கொடுக்கக் கூடாது என்று பாடத்திலேயே இருக்கிறது. டீச்சரிடம் சொன்னேன். “பேனா?” என்று கேட்டார். அது அன்பளிப்பு, வேறு விஷயம் என்றேன். சிரித்தார். எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் தரும் வாக்குறுதி என்ன தெரியுமா? பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள். பையன்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்று அதைச் சொல்கிறாள். கொஞ்சமும் கூச்சம் இல்லை. பெண்கள் எல்லோரும் கைதட்டினார்கள். ஏழாம் வகுப்பு சந்தியா, என் பேனாவை வாங்கியவள், எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினாள்.

ஜூலை 17, வியாழன்

ஓட்டுப்பதிவு. வராந்தாவில் சேலையால் மறைப்புக் கட்டி, உள்ளே மேசை போட்டிருந்தார்கள். டீச்சர் எல்லோருக்கும் விரலில் மை வைத்தார். மதியம் எட்டாம் வகுப்பில் வைத்து எண்ணினார்கள். ஜன்னல் முழுக்கத் தலைகள். ஒவ்வொரு சீட்டையும் உயர்த்திக் காட்டி, சத்தமாகப் படித்தார்கள். மணி. மணி. குடை. மணி. ஹெச்.எம். சாரும் வாசலில் நின்று பார்த்தார். என்னைப் போல இரண்டு மடங்கு ஓட்டு அவளுக்கு. முடிந்ததும், “சரி சரி, சத்தம் போடாமப் போங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேராக வெங்காயம் சேர்த்துவைக்கும் பட்டறைக்குப் போய்த் தரம் பிரித்தேன். வெங்காயம் யாருக்கும் கண்ணீர் வரவைக்கும்.

ஜூலை 20, ஞாயிறு

வெங்காயம் அறுக்க மாராத்தாவும் இன்னும் நான்கு பேரும் வந்திருந்தார்கள். மாராத்தா பவதாரணியின் அம்மா. நான் தண்ணீர் ஊற்றப் போனபோது, “ஏஞ் சாமி, நீயும் நின்னியாமா? உடு, அடுத்த வருசம் செயிச்சுக்கலாம்” என்றாள். எட்டாம் வகுப்போடு எங்கள் பள்ளி முடிந்துவிடும். அதுகூடத் தெரியாமல் ஆறுதல் சொல்ல வந்துவிட்டாள்.

நான் தோற்றது அப்பாவுக்குத் தெரியும். யாரிடம் தோற்றேன் என்று அப்போதுதான் தெரிந்தது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் கிளம்பினார். மதியச் சோற்றுக்குத்தான் திரும்பி வந்தார்.

“கவலப்படாத கண்ணு. சார்கிட்டப் பேசிட்டேன்” என்றார்.

என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. பெரியவர்கள் பேசுவதில் நான் தலையிடுவதில்லை.

ஜூலை 21, திங்கள்

காலைக் கூட்டத்தில் ஹெச்.எம். சார் பேசினார். போன வாரம் தேர்தல் எப்படி நடக்கும் என்று சமூக அறிவியல் பாடத்துக்காக ஒரு செயல்பாடு செய்து பார்த்தோம், எல்லோரும் நன்றாகச் செய்தீர்கள் என்று பாராட்டினார். பிறகு, படிப்பு, ஒழுக்கம் எல்லாவற்றையும் பார்த்து இந்த வருட மாணவர் தலைவரைப் பள்ளி தேர்ந்தெடுத்திருக்கிறது என்று சொல்லி, என் பெயரைப் படித்தார். துணைத் தலைவர் பவதாரணி.

யாரும் கைதட்டவில்லை. பி.டி. சார்தான் முதலில் தட்டினார். பவதாரணி வரிசையில் நின்றபடியே, “எனக்கு வேண்டாங்க சார்” என்றாள். கத்தவில்லை. கடைக்குப் போனால், பை வேண்டாம் என்று சொல்வோமே, அப்படிச் சொன்னாள்.

சிவப்பு வெல்வெட் பேட்ஜ். அப்பா ஜாங்கிரி வாங்கிவந்தார். இதை நான் கேட்டு வாங்கவில்லை. கொடுத்தார்கள்.

ஜூலை 23, புதன்

என்னோடு யாரும் பேசுவதில்லை. நான் என்ன செய்தேன்? படிப்பில் முதலில் இருப்பது என் குற்றமா? இன்று ஆறாம் வகுப்புக் குட்டி ஒன்று குழாயடியில் என்னை நிறுத்தி, “அக்கா, நான் மணிக்குத்தான போட்டேன்?” என்று கேட்கிறது. என்னிடம் எதற்குக் கேட்கிறாய், போ என்றேன். விரலை நீட்டி மையைக் காட்டுகிறது.

இந்த மை இன்னும் போகவில்லை. எனக்கும்தான். டீச்சர் எந்தக் கடையில் வாங்கினாரோ.

ஜூலை 25, வெள்ளி

இன்றைய நிகழ்வு எழுதும் முறை பவதாரணிக்கு. நாங்கள் உள்ளே வரும்போதே எழுதி முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

‘நம் பள்ளியில் ஜூலை 17 அன்று மாணவர் தலைவர் தேர்தல் நடைபெற்றது. இதில் பவதாரணி வெற்றி பெற்றார். மிதுனா தலைவராக அறிவிக்கப்பட்டார். இது குறித்துப் பள்ளி நிர்வாகம் விளக்கம் ஏதும் அளிக்கவில்லை.’

அப்படியே செய்தித்தாளில் வருவது போல. என் பெயர் திருடன் பெயர் மாதிரி அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. ஹெச்.எம். சாருக்கு எப்படியோ தெரிந்து வந்துவிட்டார். படித்தார். கழுத்து வரை சிவந்துவிட்டது. அவளை ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, “தலைவர் எந்திரி. அத அழி” என்றார்.

அழித்தேன். வேறு என்ன செய்வது? டஸ்டரைத் தட்டி ரொம்ப நாளாகியிருக்கும், பொடியெல்லாம் பேட்ஜில் கொட்டியது.

டீச்சரை வெளியே கூப்பிட்டுப் பேசினார். நீங்கள் தற்காலிகம் என்பதை மறந்துவிடாதீர்கள் என்று சொன்னது உள்ளே கேட்டது. திங்கள் முதல் இன்றைய நிகழ்வு கிடையாது. டீச்சர் திரும்பி வந்து, கொஞ்ச நேரம் அழித்த இடத்தையே பார்த்தார்.

“எழுதினதுல எழுத்துப் பிழை ஒண்ணும் இல்ல” என்றார். பிறகு பாடம் எடுத்தார்.

ஜூலை 28, திங்கள்

கரும்பலகை ஓரம் காலியாக இருக்கிறது. எல்லோரும் அதையே பார்க்கிறார்கள்.

ஜூலை 30, புதன்

வரலாற்றுச் சான்றுகள் பாடம். கல்வெட்டு, செப்பேடு, கண்ணால் கண்டவர் எழுதிய குறிப்பு எல்லாம் சொல்லிவிட்டு, டீச்சர் ஒரு செயல்பாடு கொடுத்தார். ஏதாவது ஒரு நாளில் நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள், கருத்துச் சொல்லக் கூடாது என்றார். எந்த நாள் என்று கோகுல்நாத் கேட்டான். “ஜூலை 17 மதியம்னு வெச்சுக்கலாம்” என்றார். ஹெச்.எம். சார் திட்டியது போதவில்லை போலிருக்கிறது.

வகுப்பே குனிந்து எழுதியது. வீட்டுப்பாடமே எழுதாத கோகுல்நாத் ஒரு பக்கத்துக்கு எழுதினான். நான், ‘அன்று மேகமூட்டமாக இருந்தது’ என்று எழுதிக் கொடுத்தேன். டீச்சர் அதையும் சத்தமாகப் படித்துவிட்டு, “இதுவும் உண்மைதான்” என்றார். ஒரு ஆசிரியர் மாணவியை இப்படியா அவமானப்படுத்துவது?

ஜூலை 31, வியாழன்

மாராத்தா பள்ளிக்கு வந்திருந்தாள். வருகைப் பதிவைக் கொடுக்க நான் ஹெச்.எம். அறையில் இருந்தேன். சுதந்திர தினப் பந்தல் விஷயமாக அப்பாவும் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மாராத்தாவை உள்ளே வரச் சொல்லவில்லை. வராந்தாவில், வாசல்படிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசினாள். தோட்டத்திலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், சேலையில் செம்மண்.

“ஏனுங் சார், எம்புள்ள செயிச்சுதுங்களா இல்லீங்களா? அத மட்டுஞ் சொல்லுங்க, போயர்றேன்.”

அது குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்த விளையாட்டு, இதற்குப் போய் வேலையை விட்டுவிட்டு வரலாமா என்று ஹெச்.எம். சார் கேட்டார்.

“வெளையாட்டுன்னாலும் செயிச்சவங்க செயிச்சவங்கதானுங்க” என்றாள்.

அப்பா டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல், நீ தோட்டத்துக்குப் போ, அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். மாராத்தா அப்பாவைப் பார்த்தாள். பிறகு பேட்ஜைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பெரியம்மா வீட்டில் ஊஞ்சல் கட்டியிருக்கிறார்களாம். நான் போகவில்லை. போக முடியவில்லை. மூன்று நாளாக வெங்காயம் அறுக்க ஆள் வரவில்லை. அறுத்துப் போட்டது அப்படியே கிடக்கிறது, மழை வந்தால் எல்லாம் போய்விடும். அம்மாவும் நானும் தாளை அரிந்து அரிந்து விரலெல்லாம் எரிகிறது.

மாராத்தா அக்காவெல்லாம் ஏன் வருவதில்லை என்று அம்மாவிடம் கேட்டேன்.

“உங்கப்பா வர வேண்டாம்னுட்டாரு. அவங்களச் சொன்னதும் மத்தவங்களும் நின்னுட்டாங்க.”

“ஏன்?”

அம்மா அரிவாளை நிறுத்தவில்லை. “ஏன்னு உனக்குத் தெரியாதாக்கும்?” என்றார்.

எனக்கு எப்படித் தெரியும்? என்னிடம் யார் எதைச் சொல்கிறார்கள்? இந்த வீட்டில் எல்லோரும் எனக்காகத்தான் எல்லாம் செய்கிறார்கள், ஒருவர்கூட என்னைக் கேட்டுச் செய்வதில்லை.

ஜாங்கிரியை நான் சாப்பிட்டேன். அது உண்மை. இரண்டு சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சுதந்திர தின ஒத்திகை. நூல்மில் முதலாளி நாச்சிமுத்து ஐயா கொடியேற்றுகிறார். நான் வாசலில் அவருக்குச் சந்தனத் தட்டை நீட்ட வேண்டும், மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும், தியாகிகளைப் பற்றித் தமிழ் ஐயா எழுதிக் கொடுத்ததைப் பேச வேண்டும். இதுவும், காலைக் கூட்டத்தில் வரிசைக்குக் கட்டளை சொல்வதும்தான் தலைவரின் வேலை. கழிப்பறைத் தாழ்ப்பாள் பற்றி ஹெச்.எம். சாரிடம் கேட்டேன். “அதெல்லாம் உனக்கெதுக்குக் கண்ணு, நீ தட்ட ஒழுங்காப் பிடி” என்றார்.

தட்டு கனமாக இருந்தது. துணைத் தலைவர் ஒரு பக்கம் பிடிக்கலாமே, பவதாரணியைக் கேட்கட்டுமா என்றேன். எதற்கு அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. ஹெச்.எம். சார் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஐயா பழைய காலத்து மனுசரு. அந்தப் புள்ள நீட்டுனா கை வெக்க மாட்டாரு. பெரிய மனுசனச் சங்கடப்படுத்தக் கூடாதில்ல? உங்கப்பாவும் அதத்தான் சொன்னாரு.”

தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு எது என்று போன பரீட்சையில் கேட்டிருந்தார்கள். பிரிவு 17. முழு மதிப்பெண். விடைத்தாளில் ‘மிக நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது இதே சார். அதை எழுதியவர்தானே இப்படிச் சொல்கிறார்? மை வைத்தார்களே, மறைப்புக் கட்டினார்களே, ஒவ்வொரு சீட்டாக உயர்த்திக் காட்டினார்களே, எல்லாம் எதற்கு? யார் ஜெயித்தாலும் இன்னாரென்றால் தலைவர் இல்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நெல்லிக்காயாவது மிஞ்சியிருக்கும்.

படிப்பு, ஒழுக்கம் எல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்களாம். நானும் நம்பினேன். இல்லை, நம்பவில்லை. நம்பினால் நன்றாக இருக்கும் என்று இருந்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மதிய இடைவேளையில் பவதாரணி தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். பேட்ஜைக் கழற்றி நீட்டினேன். இந்தா, இது உனக்குத்தான் என்றேன்.

தட்டைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

“நீ குடுக்கறதுக்கு அது உன்னுதா?”

எனக்குக் கோபம் வந்தது. திருப்பிக் கொடுக்க வந்தாலும் தப்பா, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்டேன்.

“எனக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம். நடந்தத நடந்த மாதிரி சொல்லு, போதும்.”

“யாருகிட்ட?”

“சார் பொய் சொன்னப்ப யாரெல்லாங் கேட்டாங்களோ, அவங்ககிட்ட.”

போய்விட்டாள். என்ன திமிர் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அவள் அம்மாவுக்கு வேறு எங்காவது வேலை கிடைத்ததா என்று கேட்கத்தான் போனேன். வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

வெள்ளைச் சீருடையை அம்மா இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார். வயிற்று வலி என்று சொன்னேன். ஓமத் தண்ணீர் கொடுத்தார். வலி வயிற்றில் இல்லை என்று அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நாச்சிமுத்து ஐயா காரிலிருந்து இறங்கினார். தட்டை நீட்டினேன். சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு, “யாரு புள்ள நீயி?” என்றார். அப்பா பெயரைச் சொன்னேன். “அப்படிச் சொல்லு” என்று தலையைத் தடவினார். அந்தக் கை தலையில் இருந்தபோது, என் பின்னால் வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் இதைப் பார்க்கிறார்கள் என்று உடம்பெல்லாம் கூசியது.

கொடியேற்றிய பிறகு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பந்தலில் அம்மாக்கள், அப்பாக்கள். கடைசியில், பந்தல் நிழலுக்கு வெளியே, மாராத்தா அக்கா நின்றுகொண்டிருந்தார்.

தமிழ் ஐயா எழுதிக் கொடுத்ததில் முதல் வார்த்தையான வணக்கத்தை மட்டும் சொன்னேன். பிறகு சொன்னேன்: “மாணவர் தலைவர் தேர்தல்ல நான் தோத்துட்டேன். ஜெயிச்சது பவதாரணி. எண்ணும்போது நாம எல்லாரும் பாத்தோம். ஹெச்.எம். சாரும் பாத்தாரு.”

மைக்கை நிறுத்தச் சொல்லி ஹெச்.எம். சார் கையைக் காட்டினார். அதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். பேட்ஜைக் கழற்றி மேசையில் வைத்தேன். அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன். நாச்சிமுத்து ஐயாவுக்குச் சரியாகக் காது கேட்காது போலிருக்கிறது. குனிந்து, புள்ள என்ன சொல்லுது என்று கேட்டார்.

“தியாகிகளப் பத்திச் சொல்லுதுங்க ஐயா” என்றார் ஹெச்.எம். சார்.

ஐயா கைதட்டினார். உடனே முன்வரிசை முழுக்கத் தட்டியது. என் வாழ்நாளில் இப்படி ஒரு கோபம் வந்ததில்லை. பொய்யைச் சொன்ன வாயால் அரை நொடியில் இன்னொரு பொய். அதற்கும் கைதட்டல்.

அப்பா எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் நடந்து வந்தேன். மிட்டாய் வாங்கவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

சாப்பிடும்போது அப்பா எனக்கு எதிரில் உட்காராமல் திரும்பி உட்கார்ந்தார். நானும் திரும்பி உட்கார்ந்தேன்.

அம்மா யாரிடமும் சொல்லாமல் காலையில் காலனிக்குப் போய், வேலைக்கு வரும்படி மாராத்தா அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார். அக்கா டீ வைத்துக் கொடுத்தாராம். பக்கத்து ஊர்த் தோட்டத்தில் கூலி கூடுதலாகத் தருகிறார்கள், இனி வருவதற்கில்லை என்று சொல்லிவிட்டாராம். டீயைக் குடித்தீர்களா என்று கேட்டேன். “குடிச்சேன். நல்லா இருந்துச்சு” என்றார் அம்மா. பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். நானும் போனேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மாதக் கடைசியோடு ரெஜினா டீச்சரை நிறுத்தப் போகிறார்களாம். கோகுல்நாத் சொன்னான். உண்மையா என்று டீச்சரிடமே கேட்டேன். “தேதி போட்டு எழுதிட்டு வர்றியா?” என்று மட்டும் கேட்டார். அவர் நடத்தியது சரியான தேர்தல். அதற்கு அவருக்குத் தண்டனை. அதை மாற்றியவர் மேடையில் நிற்கிறார். இதை எந்தப் பாடத்தில் சேர்ப்பது?

காலைக் கூட்டம் தொடங்கும் முன் ஹெச்.எம். சார் சுருக்கமாகப் பேசினார். சில விரும்பத்தகாத நிகழ்வுகளால் இந்த வருடம் மாணவர் தலைவர் என்று யாரும் கிடையாது. அவ்வளவுதான். பிறகு வழக்கம்போலக் கூட்டத்தைத் தொடங்கப் பார்த்தார். தொடங்க முடியவில்லை. வரிசைக்குக் கட்டளை சொல்வது தலைவர். தலைவர் இல்லாவிட்டால் பி.டி. சார். அவர் இன்று விடுப்பு. சார் எங்கள் வரிசையைப் பார்த்தார், டீச்சர்களைப் பார்த்தார். யாரும் அசையவில்லை. சின்னப் பிள்ளைகள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு நான்கு பேர் முன்னால் நின்றிருந்த பவதாரணி, இடத்தைவிட்டு நகராமல், தலையை மட்டும் கொஞ்சம் நிமிர்த்தினாள்.

“ஸ்கூல்... அட்டென்ஷன்.”

மொத்தப் பள்ளியும் காலைச் சேர்த்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, ஒரே சத்தம். பேச்சு நின்றது. டீச்சர்கள் நேராக நின்றார்கள். ஹெச்.எம். சாருக்கு எத்தனை வருடப் பழக்கமோ, அவர் கையும் தானாக இறங்கிப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது, குதிகால்கள் சேர்ந்துவிட்டன. சேர்ந்த பிறகுதான் யார் சொன்னது என்று அவருக்கு உறைத்தது. அதற்குப் பிறகு என்ன செய்ய முடியும்? அடுத்த கட்டளை வரும்வரை அப்படியே நிற்பதுதான் முறை.

நின்றோம். நல்ல வெயில். சொல்ல வேண்டியவள் அவசரப்படவில்லை.